‘பால் பத்துதா?’ - புது அம்மாவை விடாமல் துரத்தும் கேள்வியும், அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கும்

குழந்தை பிறந்த வீட்டில் “பையனா, பொண்ணா?” என்ற கேள்வி முதல் நாளோடு முடிந்துவிடும். “நார்மலா, சிசேரியனா?” ஒரு வாரம் ஓடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்கப்படுவது ஒன்றுதான்: “பால் பத்துதா?”

மாமியார் கேட்பார். பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி கேட்பார். வீடியோ காலில் துபாய் சித்தி கேட்பார். குழந்தை சிணுங்கினால் “பசிக்குது போல”. கையைச் சப்பினால் “பசியேதான்”. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குடித்த குழந்தை மறுபடி தேடினால், “உனக்குப் பால் ஊறலையோ?” கேட்பவர்களுக்கு அது அக்கறை. தையல் வலியோடு, சரியான தூக்கமில்லாமல், நைட்டி முழுக்கப் பால் வாடையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது பரீட்சை ரிசல்ட் மாதிரி கேட்கும்.

ஆறு மாதத்துக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டால், உலகம் முழுக்க அடிக்கடி வரும் பதில்களில் ஒன்று, ‘எனக்குப் பால் போதவில்லை’ என்பது. நிஜமாகவே போதாமல் போகிறவர்கள் உண்டு. ஆனால், போதவில்லை என்று நம்புகிறவர்களின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? பார்ப்போம்.

முதல் மூன்று நாள்: வருவதே அவ்வளவுதான்

பிரசவமான முதல் ஓரிரு நாளில் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அளவு, தேக்கரண்டிக் கணக்கு. பார்க்கிறவர்களுக்கு ‘ஒண்ணுமே வரலையே’ என்று தோன்றும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அந்த நேரத்தில் அதுவே போதும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிவாக இருப்பதும் இந்தப் பாலில்தான்.

நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு, கர்ப்ப காலத்தில் உச்சத்தில் இருந்த புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சடசடவென்று குறையும். அந்த இறக்கம்தான் பால் சுரப்பியை முழு வேகத்தில் ஓடச்சொல்லும் சிக்னல். அதனால், பொதுவாக இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் மார்பு கனத்துப் பால் நிறைய வரும். சிசேரியன், தலைப்பிரசவம், சர்க்கரை நோய் போன்ற சூழல்களில் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கு நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்.

சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடைவெளியில்தான். “இன்னும் பால் இறங்கலை, குழந்தை காயுதே” என்று யாராவது ஒருவர் மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடுவார். சில வீடுகளில் சர்க்கரைத் தண்ணீர், சில வீடுகளில் நாக்கில் தேன் தடவும் சேனை வழக்கம். (தேன் பற்றி மட்டும் கறாராகச் சொல்லிவிடலாம்: ஒரு வயது முடியும் வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.)

அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருந்தும் இந்த நிலைமை.

இன்னொரு பயம், எடை. வீட்டுக்கு வரும்போது குழந்தை பிறந்த எடையைவிடக் குறைவாக இருக்கும். உடலில் இருந்த கூடுதல் நீர் வெளியேறுவதால் முதல் சில நாளில் 7 சதவீதம் வரை குறைவது வழக்கமானது. 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் உடனே பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த எடையை எட்டிப்பிடித்துவிடும்.

டேங்க் இல்லை, ஆர்டர் எடுக்கும் கிச்சன்

நம்மில் பலர் மார்பை மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். காலியாகிவிட்டால் நிரம்பும்வரை காத்திருக்கணும், அதுவரை வேறு ஏதாவது கொடுக்கணும் என்று. உடல் அப்படி வேலை செய்வதில்லை. ஆர்டர் வந்தால் சமைக்கும் கிச்சனை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

குழந்தை சப்பும்போது மூளைக்கு ஒரு தகவல் போகிறது. பால் உற்பத்திக்கு புரோலாக்டின், உற்பத்தியான பாலைக் காம்பு நோக்கித் தள்ள ஆக்ஸிடோசின் என இரண்டு ஹார்மோன்கள் சுரக்கின்றன. பால் வெளியே போகப்போக, உற்பத்தி வேகம் கூடும். பால் தேங்கி நின்றால், ‘போதும், குறைத்துக்கொள்’ என்று மார்புக்குள்ளேயே ஒரு தடுப்பு வேலை செய்யும். அதாவது, கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும். “ரெண்டு மணி நேரம் விட்டுப் பிடி, பால் சேரட்டும்” என்ற அறிவுரை இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கும். அதனால், எல்லோரும் தவிர்க்க நினைக்கும் அந்த ராத்திரி 2 மணி ஃபீடிங், ஆரம்ப வாரங்களில் சுரப்பைத் தக்கவைக்கும் முக்கியமான ஒன்று. ஆக்ஸிடோசினுக்கு வேறொரு குணம்: பதற்றம், வலி, அவமானம் எல்லாம் அதைத் தற்காலிகமாகத் தடுக்கும். பால் இருக்கும், இறங்காது. நாலு பேர் சுற்றி நின்று “வருதா, வருதா?” என்று பார்த்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சாதாரண வீட்டில் நடக்கும் வரிசையைப் பாருங்கள். மூன்றாவது வாரம். குழந்தை சாயங்காலம் விடாமல் அழுகிறது. பால் பத்தவில்லை என்று முடிவு செய்து, தூங்கப்போகும் முன் 60 மி.லி. பவுடர் பால். பாட்டிலில் தானாக வேகமாக இறங்கும் பாலை எந்தக் குழந்தையும் மடமடவென்று குடிக்கும். வாயில் வைத்ததைச் சப்புவது அந்த வயதின் அனிச்சைச் செயல். “பார்த்தியா, எவ்வளவு பசி!” என்கிறார்கள். ஃபார்முலா ஜீரணமாக நேரம் எடுக்கும் என்பதால் குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்குகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், அந்த இரவு இரண்டு ஃபீடிங் நடக்கவில்லை. கிச்சனுக்கு இரண்டு ஆர்டர் குறைந்துவிட்டது. மறுநாள் அது கொஞ்சம் குறைவாகச் சமைக்கிறது. குழந்தை இன்னும் சீக்கிரம் அழுகிறது. இப்போது இரண்டு பாட்டில். ஒரு மாதத்தில், ஆரம்பத்தில் பொய்யாக இருந்த ‘பால் பத்தலை’ உண்மையாகிவிடுகிறது. அந்த அம்மா, ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று தன் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம்?

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். சராசரியாக 10 முறை, ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்றால் பால் கொடுப்பதே 5 மணி நேரம். தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் சேர்த்தால் ஆபீஸில் ஒரு முழு ஷிஃப்ட். வார விடுமுறை கிடையாது. “வீட்ல சும்மாதானே இருக்க” என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் கணக்கை ஃபார்வர்டு செய்யலாம்.

அந்த 10 முறையும் சம இடைவெளியில் வராது. மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணி வரை, அரை மணிக்கு ஒரு தடவை குடிக்கும் குழந்தைகள் நிறைய. விட்டால் அழும், எடுத்தால் குடிக்கும், நடுவில் தூங்கும், கீழே படுக்கவைத்தால் விழிக்கும். குழந்தை வேகமாக வளரும் சமயங்களில் இது இன்னும் கூடும். அடுத்த நாளுக்கான ஆர்டரைக் குழந்தை கூட்டிக்கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தவிர, எந்தக் காரணமும் இல்லாத அழுகையும் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். பாட்டில் பால் குடிக்கும் குழந்தைகளும் இதே வரிசையில்தான் அழுகின்றன.

இதே ஆறாவது வாரத்தில் இன்னொன்றும் நடக்கும். கனத்து, கசிந்து, நைட்டியை நனைத்துக்கொண்டிருந்த மார்பு மென்மையாகிவிடும். ‘வத்திப்போச்சு’ என்று பதறவேண்டாம். குழந்தைக்கு எவ்வளவு தேவை என்பதை உடல் புரிந்துகொண்டு, தேக்கிவைப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

“குழந்தை வளருது, இனிமே உன் பால் எப்படிப் பத்தும்?” என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. குடிக்கிறது. எடை இரட்டிப்பானாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை, வளர்ச்சி வேகம் மெதுவாகக் குறைவதால். கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான்.

சரி, அப்போ எதை வெச்சு முடிவு பண்றது?

அழுகையை வைத்து வேண்டாம். பம்ப்பில் எத்தனை மி.லி. வந்தது என்பதை வைத்தும் வேண்டாம். நன்றாகப் பால் ஊறும் பலருக்கு பம்ப்பில் கொஞ்சம்தான் வரும், குழந்தை எடுக்கும் அளவுக்கு மெஷின் எடுப்பதில்லை.

எண்ணவேண்டியது ஈரத் துணிகளை. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை சிறுநீர் போனால், உள்ளே போகவேண்டியது போகிறது. நம் ஊர் லங்கோடு துணியில் இது சுலபமாகத் தெரியும். நன்றாக உறிஞ்சும் டயபரில் தெரியாது, சந்தேகம் இருக்கும் நாள்களில் துணிக்கு மாறிவிடலாம். இரண்டாவது அளவுகோல் எடை. முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறவேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போது ஒரே மெஷினில் எடை பார்ப்பது நல்லது. பக்கத்து வீட்டுக் கொழுகொழு குழந்தை அளவுகோல் கிடையாது.

மாறாக, பால் குடிக்கக்கூட விழிக்காமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, நாக்கு வறண்டிருப்பது, மஞ்சள் காமாலை கால்வரை பரவுவது, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராதது - இவற்றில் எது இருந்தாலும் கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் அன்றே குழந்தைகள் நல டாக்டரிடம் போகவேண்டும்.

சந்தேகம் வந்தால் முதலில் சரிபார்க்கவேண்டியது குழந்தை பிடித்திருக்கும் விதம். காம்பை மட்டும் பிடித்தால் அம்மாவுக்கு வலிக்கும், வெடிக்கும், குழந்தைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போயிருக்கணும், மோவாய் மார்பைத் தொட்டிருக்கணும். பால் பிரச்சினை என்று நினைத்த பல விஷயங்கள் இந்த ஒரு திருத்தத்தில் சரியாகிவிடும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஒரு நர்ஸோ, பாலூட்டல் ஆலோசகரோ கிடைத்தால், அவர் பத்து ரீல்ஸுக்குச் சமம்.

பூண்டுக் குழம்பு, பால்சுறா, பவுடர் டப்பா

பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக்குத்தான் முதல் இடம். 1991ல் அமெரிக்காவில் மென்னெல்லா, பீச்சாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் பால் கொடுக்கும் அம்மாக்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசனை தூக்கலாக வந்தது. அப்போது குழந்தைகள் அதிக நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன, அதிகமாகச் சப்பின. ஆனால், குடித்த பாலின் மொத்த அளவு கூடவில்லை. நம் பாட்டிகள் சொன்னதில் பாதி சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பால்சுறா புட்டு நல்ல புரதம், சாப்பிடுங்கள். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் ஒரு நாளைக்குக் கூடுதலாக 600 கலோரி தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. கிட்டத்தட்ட ஒரு நேரச் சாப்பாடு அதிகம். இதனால்தான் ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்’, ‘காய் சாப்பிட்டா குழந்தைக்கு ஆகாது’ என்று தட்டைக் காலி செய்யும் பத்தியங்கள் பிரச்சினை. சத்துக்குறைவான சாப்பாட்டிலும் உடல் பால் கொடுத்துவிடும், அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுத்து. களைத்துப்போவது அவர்தான்.

இன்ஸ்டாகிராமில் வரும் ‘பால் பெருக்கி’ பவுடர்கள், லட்டுகள், குக்கீஸ்? சதாவரி, வெந்தயம் பற்றிச் சிறிய ஆய்வுகள் உண்டு, உறுதியான முடிவுகள் இல்லை. குழந்தை குடிக்காமல் எந்தப் பவுடரும் ஆர்டர் எடுக்காது.

குழந்தை உணவு விளம்பரங்களை இந்தியா 1992லேயே சட்டம் போட்டு நிறுத்தியது, 2003ல் இன்னும் இறுக்கியது. இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், உணவு, பாட்டில் எதையும் விளம்பரம் செய்யக்கூடாது. டின்னில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக்கூடாது. வீட்டில் டின் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கொழுகொழு பாப்பா இருக்காது. ஆனால், அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஸ்மார்ட்போன் இல்லை. 2022ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 8 நாடுகளில் (இந்தியா அதில் இல்லை) பெற்றோர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் கேட்டபோது, 51 சதவீதம் பேர் ஃபார்முலா நிறுவனங்களின் மார்க்கெட்டிங் தங்களைத் தேடிவந்ததாகச் சொன்னார்கள். அழுகை, வாயு, தூக்கமின்மை என்று குழந்தையின் சாதாரணக் குணங்களை நோயாகக் காட்டுவது அதன் வழக்கமான உத்தி.

நிஜமாகவே பத்தாதபோது

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘எல்லாருக்கும் ஊறும், நீ சரியா முயற்சி பண்ணலை’ என்று யாரும் சொல்லக் கிளம்பவேண்டாம். அது அடுத்த வகைக் கொடுமை. தைராய்டு பிரச்சினை, பிரசவத்தின்போது அதிக ரத்தப்போக்கு, கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கிவிடுவது, மார்பில் முன்பு நடந்த அறுவைசிகிச்சை, பால் சுரப்பித் திசுக்கள் போதிய அளவு வளராதது என்று மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன. பி.சி.ஓ.எஸ். உள்ள சிலருக்கும் சுரப்பு குறையலாம். குறைப்பிரசவக் குழந்தைக்குச் சப்பும் வலு இருக்காது. இவர்களுக்கு டாக்டர் ஃபார்முலா எழுதிக்கொடுத்தால், அது குழந்தைக்கான உணவு. டின்னில் சொன்ன அளவில், கொதித்து ஆறிய தண்ணீரில், சுத்தமான பாத்திரத்தில் கலக்கவேண்டும். பவுடர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீராகக் கலப்பதுதான் ஆபத்து.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கும், தானாகச் சரியாகும். அதைத் தாண்டியும் எதிலும் ஒட்டாமல் இருப்பது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, ‘நான் இல்லாம இருந்தா இதுக்கு நல்லது’ என்று தோன்றுவது எல்லாம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. டெலி மானஸ் இலவச எண் 14416ல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கணவர்களுக்கு ஒரு வேலை: ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, ராத்திரி தண்ணீர் பாட்டிலை நிரப்பிவைப்பது போக, ‘பால் பத்துதா?’ என்று வருகிறவர்களுக்கு ஹாலிலேயே பதில் சொல்லி அனுப்பலாம்.

ஆபீஸ் திறக்கும்போது

26 வாரச் சம்பளத்துடன் விடுமுறை என்று 2017ல் சட்டம் திருத்தப்பட்டது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. கிட்டத்தட்ட ஆறு மாதம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரைக்கு அப்படியே பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால், அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, டிராவல் பண்ண முடியாமல் அந்த 8 வாரத்தையும் எடுத்துவிட்டவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு லாகின் செய்யவேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். தனியாரில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்போதுதான் பம்ப் வேலைக்கு வருகிறது. ஆபீஸில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் சுரப்பு தொடரும், எடுக்காமல் விட்டால் மார்பு கட்டி வலிக்கும், பிறகு குறையும். எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. சென்னை மே மாதத்துக்கு அதை நம்பவேண்டாம், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போக ஐஸ் பேக் போட்ட சின்னப் பை போதும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிற்கவைத்தால் போதும்.

எங்கே உட்கார்ந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் அந்த அறை பல கண்ணாடிக் கட்டடங்களில் இன்னும் வரவில்லை, டாய்லெட்டில் பம்ப்போடு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் சொல்வது இது: 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கவேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்கவேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரவேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்திலேயே இந்த இடைவேளை இருக்கிறது, 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. லீவில் இருக்கும்போதே, திரும்பும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக, எச்.ஆருக்கு மெயிலில் கேட்டுவிடுவது நல்லது: கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, ஒரு பிளக் பாயின்ட், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு, காலண்டரில் பிளாக் செய்துகொள்ள இரண்டு அரை மணி நேரம்.